பெங்களூரு ஏரிகளில் மட்டி தேடுவோருக்கு: அயல் மட்டியும் நம் ஆற்று மட்டியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பகுதிகளில் வாழும் தமிழர் சிலர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு காலை, பெங்களூரைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் அர்க்காவதி, தென்பெண்ணைக் கரைகளிலும் மட்டி தேடி வருகிறோம். நம் மட்டிகளை எண்ணி வைப்பதும், அவற்றை அழிக்கக்கூடிய வெளிநாட்டு அயல் மட்டி இங்கே வந்துவிட்டதா என்று பார்ப்பதும்தான் நோக்கம். எங்களில் எவரும் விலங்கியல் படித்தவர் அல்லர். நான் ஓய்வு பெற்ற இயந்திரப் பணியாளன். புதிதாக வருவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றின் விடைகளை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆற்று மட்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு ஓடுகள் ஒரு பக்கம் கீல் போலச் சேர்ந்திருக்க, உள்ளே மெல்லுடல் கொண்டு, நன்னீரின் அடிமண்ணில் பாதி புதைந்து வாழும் உயிரைத்தான். ஊருக்கு ஊர் மட்டி என்றும் சிப்பி என்றும் கிளிஞ்சல் என்றும் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் மட்டி என்றே எழுதுகிறேன். காவிரிப் படுகையிலும் நம் ஏரிகளிலும் பரவலாகக் காணக்கூடியது லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்ற இனம். நீள்வட்ட வடிவும், கரும்பழுப்பு நிறமும், உட்புறத்தில் முத்துப் பளபளப்பும் கொண்டது. நன்கு வளர்ந்தால் உள்ளங்கையை நிறைக்கும். நன்னீர் முத்து வளர்ப்புக்குப் பயன்படுவதும் இதுதான். பரேசியா என்ற இன்னொரு பேரினமும் உண்டு, அதன் ஓட்டில் சுருக்கம் விழுந்தாற்போன்ற வரிகள் இருக்கும், ஓரளவு சிறியது.

கர்நாடகத்துக்கே உரிய அரிய மட்டி ஒன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. துங்கபத்திரைப் படுகையின் பாறைகளில், ஒரு பக்க ஓட்டைச் சுண்ணாம்பு வைத்துப் பூசினாற்போல ஒட்டிக்கொண்டு வாழும் சூடோமுல்லேரியா டாலியி என்பது அது. பார்வைக்குக் கடற்பாறையில் ஒட்டிய சிப்பி போலிருக்கும். ஆயினும் ஆற்று மட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத இவ்வுயிர் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. பாறையைவிட்டு நகர இயலாத உயிர் ஆகையால், அந்தப் பாறைகளின் மேல் வேறொன்று வந்து படர்ந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை.

பெங்களூரில் ஆறே இல்லையே? இங்கிருந்து ஆற்று மட்டியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பெங்களூரு ஒரு மேட்டின் மேல் அமர்ந்த ஊர். மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் சேர்கிறது. கிழக்குச் சரிவின் நீரோ பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளுக்கும், முடிவில் கடலூர்க் கடலுக்கும் போகிறது. இங்குள்ள ஒரு ஏரியில் வேண்டாத மட்டி வேரூன்றினால், வாரக்கணக்கில் நீரோடு மிதந்து செல்லும் அதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் போய்ச் சேரும் இடம் நம்மில் பலருடைய சொந்த ஊர். தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் உறவினர் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வரும் நீரையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரி நீரை மேடேற்றித்தான் இந்நகரம் குடிக்கிறது. 1974-இல் தொடங்கிய அத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் நிறைவேறியது. குழாயின் உட்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டி வளரும் மட்டி, நீர் உறிஞ்சும் நிலையங்களையும் மின்நிலையங்களையும் அடைத்துவிடும் என்பது அமெரிக்கக் கண்டங்களின் பட்டறிவு. நாற்பது ஆண்டுகள் இயந்திரங்களோடு பழகியவன் என்ற முறையில், நீரேற்று நிலையக் குழாய்களை எண்ணும்போது எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

அயல் மட்டிகள் எவை?

பெயர் பெற்றவை சில. வரிக்குதிரை மட்டியும் குவாகா மட்டியும் கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளின் உயிர்கள். கப்பல் நிலைகுலையாமல் இருக்க அதன் அடியில் நிரப்பும் நிலைப்பு நீரோடு வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குப் போயின. வரிக்குதிரை மட்டியை 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டார்கள். பொன் மட்டி எனப்படும் லிம்னோபெர்னா பார்ச்சூனி சீனப் பகுதியைச் சேர்ந்தது. 1991-இல் அர்ஜென்டினாவின் லா பிளாட்டா முகத்துவாரத்தில் தென்பட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வீதம், ஓட்டத்துக்கு எதிராகவே பரானா ஆற்றில் ஏறியது. படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டதால்தான் அது முடிந்தது. 2024 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

இந்தியாவில் வேர்பிடித்தவை உவர்நீர் மட்டிகள். கரீபியப் பகுதியின் மைட்டிலோப்சிஸ் சாலேயி 1967-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது. பின்னர் மும்பைக் கப்பல்துறையிலும். மற்றொன்று தென் அமெரிக்காவின் சாரு மட்டி. அதை எண்ணூர் மக்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்.

எண்ணூரில் என்ன நடந்தது?

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் மக்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கையாலும் காலாலும் ஆற்றை அறிந்தவர்கள் அவர்கள். மெத்தென்ற சேறாக இருந்த இடத்தில் கருப்பாக, கூர்மையாக, கம்பளம் விரித்தாற்போல ஏதோ படர்வதை முதலில் உணர்ந்தவை அவர்களுடைய பாதங்கள். இறால் புதைந்து வாழச் சேறு வேண்டும். மட்டிக் கம்பளம் விரிந்த இடத்தில் அதற்கு வழியில்லை. முன்பு கிடைத்த மஞ்சள் மட்டியும் குறைந்தது. ஆற்றில் இறங்கினால் கால் கிழிகிறது. அந்த மக்கள்தான் அதற்குப் பெயரிட்டார்கள், முறையிட்டார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இதே மட்டி விரைவாகப் பரவியதை அங்குள்ள ஆய்வாளர்கள் 2019-இல் பதிவு செய்தார்கள். அது, தன் கிளிஞ்சல் மீன்பிடிப்புக்காக 2014-இல் உலகத் தரச்சான்று பெற்ற காயல்.

எண்ணூரை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் நாள்தோறும் கை வைப்பவர் கண்ணில்தான் மாற்றம் முதலில் படுகிறது. அவர் சொல் ஏட்டில் ஏறுவதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. கைமிஞ்சிப் போவது அந்த ஆண்டுகளில்தான். பெங்களூரு ஏரிகளில் நாள்தோறும் கை வைப்பவர் எத்தனை பேர்? வேலி போட்டு, நடைபாதை அமைத்து, நீரை நாம் பார்வைக்குரிய பொருளாக்கிவிட்டோம். சலவைத் தொழிலாளரும் மீன் குத்தகைக்காரரின் வலையாட்களும் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள். ஆகவே எங்கள் தேடல் எப்போதும் அவர்களிடம் பேசுவதில்தான் தொடங்கும்.

காக்கா ஆழி பெங்களூருக்கு வருமா?

அது உவர்நீர் உயிர். உப்பில்லாத ஏரியில் நிலைத்து வாழ்வது அதற்கு அரிது. கடலோரக் கழிமுகங்களில்தான் அதைக் கண்காணிக்க வேண்டும்.

பிறகு இங்கே நீங்கள் அஞ்சுவது எதை?

என்னைக் கேட்டால் பொன் மட்டியைத்தான். வரிக்குதிரை மட்டிக்குத் தண்ணீரின் வெப்பம் 30 பாகை செல்சியசை நெருங்கினாலே துன்பம். ஓடு கட்ட லிட்டருக்கு ஏறக்குறைய 12 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியமும் வேண்டும். கால்சியத்துக்கு இங்கே பஞ்சமில்லை என்பதை, ஆழ்துளைக் கிணற்று நீரின் வெள்ளைக் கறையைக் குழாயிலும் பாத்திரத்திலும் சுரண்டிய எந்த வீட்டாரும் அறிவர். ஆனால் கோடைக்காலச் சமவெளி ஆறுகளின் வெப்பம் அதற்கு ஒத்து வருவது கடினம். பொன் மட்டியோ 35 பாகை வரை தாங்குகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் கால்சியத்திலும் பிழைக்கிறது. ஓரளவு மாசடைந்த நீரையும் பொறுத்துக்கொள்கிறது. நம் நீர்நிலைகளின் இயல்பை வைத்துப் பார்த்தால் எதற்கு வழி திறந்திருக்கிறது என்பது தெளிவு.

இரண்டாவது, சீனக் குளத்து மட்டியான சினனோடோண்டா வூடியானா. மேலே சொன்னவை போல இது நூல் சுரந்து கல்லிலும் குழாயிலும் ஒட்டுவதில்லை. நம் மட்டியைப் போலவே சேற்றில் வாழ்வது. இளம்பருவத்தில் கெண்டை மீன்களின் செவுளில் ஒட்டியபடி ஐரோப்பாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பரவியது. இந்தியாவும் 1959-இல் வெள்ளிக் கெண்டையையும் புல் கெண்டையையும் வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த நாடு என்பதை நினைத்தால், மீன் இருக்கும் இடத்தில் மட்டியையும் தேடுவதே முறை என்பேன்.

அயல் மட்டி நம் மட்டியை எப்படி அழிக்கிறது? இரண்டும் ஒரே குளத்தில் வாழக் கூடாதா?

விடை அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. நம் ஆற்று மட்டியின் ஆண், விந்தணுக்களை நீரில் விடுகிறது. பெண் அவற்றை நீரோடு உறிஞ்சி, கருவுற்ற முட்டைகளைத் தன் செவுளிலேயே வைத்து அடைகாக்கிறது. குளோகிடியா எனப்படும் குஞ்சுகள் வெளிவந்ததும், அவற்றுக்கு ஏற்ற மீன் ஒன்று அருகே வந்தாக வேண்டும். மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில வாரங்கள் ஒட்டியிருந்து, உருமாறி, உதிர்ந்து, நல்ல மணலில் விழுந்தால்தான் ஒரு மட்டி உருவாகும். மீன் வராவிட்டால் குஞ்சுகள் சில நாட்களுக்குள் மடிந்துவிடும். மீனை நம்பி வாழும் உயிர் மெதுவாகத்தான் பெருகும்.

வரிக்குதிரை மட்டிக்கோ பொன் மட்டிக்கோ மீன் தேவையில்லை. முட்டையும் விந்தும் நீரிலேயே கலக்கின்றன. வெலிஜர் எனப்படும் குஞ்சு தானே நீந்தித் திரிந்து, சில வாரங்களில் கெட்டியான பொருள் எதன் மீதாவது அமர்ந்து, வலிய நூல்களைச் சுரந்து பற்றிக்கொள்கிறது. ஒரு பெண் வரிக்குதிரை மட்டி ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் முட்டைகள் வரை இடக்கூடும். பொன் மட்டி ஒரு சதுர மீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேல் அடர்ந்திருந்த இடங்கள் உண்டு.

சேறும் மணலும் நிறைந்த அடித்தளத்தில் கெட்டியான பொருள் எது? பல இடங்களில் அது நம் மட்டியின் ஓடுதான். மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பின்முனையில்தான் நீரை உள்ளிழுக்கும் வாயும் வெளிவிடும் வாயும் இருக்கின்றன. குஞ்சுகள் வந்து அமர்வது அங்கேதான். முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு ஆயிரம். நம் மட்டியால் ஓட்டைத் திறக்க முடிவதில்லை, திறந்தால் மூட முடிவதில்லை. நகரவும் புதையவும் இயலாது. முதுகில் ஏறிய கூட்டம் அதன் வாய்க்கு வரும் மிதவைப் பாசியை வழியிலேயே வடிகட்டித் தின்றுவிடுவதால், பட்டினியும் சேர்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் 1991-இல் வரிக்குதிரை மட்டி தென்பட்டது; அடுத்த சில ஆண்டுகளில் அங்கே மிதவைப் பாசி 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது, நாட்டு மட்டிகள் சரிந்தன. செயின்ட் கிளேர் ஏரியில் பத்தாண்டு முடியுமுன்னே திறந்த நீர்ப்பகுதியில் நாட்டு மட்டிகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. அடைபட்ட குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், வேறு குழாயும் போடலாம். ஓர் ஏரியிலிருந்து மறைந்த மட்டியினத்தை எங்கிருந்து வாங்கிப் போடுவது?

சீனக் குளத்து மட்டி செய்யும் கேடு வேறு வகை. அதன் குஞ்சுகள் ஒரு முறை ஒட்டிய மீனின் உடல் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவதால், பிறகு நாட்டு மட்டியின் குஞ்சுகள் அம்மீனில் சரிவர வளர்வதில்லை என்று ஐரோப்பிய ஆய்வு காட்டியிருக்கிறது. குழந்தையை ஏந்த வேண்டிய மடியே இப்படி மாற்றப்பட்டுவிடுகிறது.

கடல் இல்லாத, கப்பல் வராத ஊருக்கு அவை எப்படி வந்து சேரும்?

கண்ணாடித் தொட்டி வழியாக வரலாம். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகர வளர்ப்புப் பிராணிக் கடை ஒன்றில் விற்பனைக்கிருந்த அலங்காரப் பாசி உருண்டைகளுக்குள் உயிருள்ள வரிக்குதிரை மட்டிகள் இருந்தன. அவை உக்ரைனிலிருந்து வந்தவை. பல மாநிலங்களில் அந்த உருண்டைகளைத் தேடி அழிக்க வேண்டியதாயிற்று. நம்மிடையே மீன் வளர்க்கும் பிள்ளைகள் ஏராளம். சென்னை கொளத்தூரில் வாங்கி, பையில் நீர் நிரப்பிப் பேருந்தில் கொண்டுவருவோரும் உண்டு. வாங்குவது குற்றமில்லை. வீடு மாறும்போது தொட்டியை அப்படியே ஏரியில் கவிழ்ப்பதுதான் கேடு. வேண்டாத மீனையும் செடியையும் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தொட்டி நீரை வெயில் காயும் மண்ணில் ஊற்றுங்கள், மழைநீர் வடிகாலில் ஊற்ற வேண்டாம்.

வலைகளும் பரிசல்களும் இன்னொரு வழி. ஒரே குத்தகைக்காரரின் ஈர வலை காலையில் ஓர் ஏரியிலும் மாலையில் மற்றோர் ஏரியிலும் இறங்குகிறது. ஆகாயத்தாமரை அள்ளும் இயந்திரமும் ஏரிவிட்டு ஏரி போகிறது. மீன்குஞ்சு கொண்டுவரும் பீப்பாய் நீரும் அப்படித்தான். நீரை வடித்து, சேற்றைக் கழுவி, ஐந்தாறு நாட்கள் நல்ல வெயிலில் உலர்த்திவிட்டால் இடர் பெருமளவு நீங்கும். காத்திருக்க நாளில்லை என்றால் 60 பாகை செல்சியசுக்குக் குறையாத சுடுநீரால் கழுவலாம். இந்த ஒழுங்கு எங்கள் காலணிகளுக்கும் பொருந்தும். ஒரே ஞாயிறில் இரண்டு ஏரிகளுக்கு நாங்கள் போவதில்லை.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

தொட்டு இழுத்துப் பாருங்கள். கல், கட்டை, குழாய், கயிறு, வேறொரு மட்டியின் ஓடு ஆகியவற்றில் நூல்களால் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, இழுத்தால் எதிர்ப்புக் காட்டுகிறதா? ஒரு முனை கூராகி, முக்கோணம் போன்ற வடிவில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உடனே படமெடுங்கள். காலியான ஓடு கிடைத்தால் கூர்முனையின் உட்புறத்தைப் பாருங்கள். சிறு தட்டு போன்ற தடுப்பு இருந்தால் வரிக்குதிரை மட்டியின் சுற்றம். தடுப்பில்லாமல் ஊதா சாயலில் மினுமினுத்தால் பொன் மட்டியாக இருக்கலாம். நம் மட்டிகளின் இளங்குஞ்சும் மெல்லிய ஒற்றை நூல் விடுவதுண்டு. ஆனால் அது கொத்துக் கொத்தாக ஒட்டாது.

இங்கே எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தொடங்கிய புதிதில், ஏரி ஒன்றின் மணல் ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு மஞ்சள் கலந்த வட்ட மட்டிகளைக் கண்டோம். அமெரிக்கக் கையேடு ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, ஆசிய மட்டி என்னும் பேர்போன ஆக்கிரமிப்பாளர் இதுதான் என்று முடிவுகட்டி, இரண்டு வாளி நிறைய அள்ளிக் கரையில் கொட்டிக் கொன்றுவிட்டோம். அவை கார்பிகுலா என்ற பேரினம். அமெரிக்காவில் அதன் உறவினம் 1938 முதல் ஆக்கிரமிப்பாளராக அறியப்பட்டதுதான். ஆனால் நாம் இருப்பது ஆசியா. கார்பிகுலா ஸ்ட்ரையடெல்லா நம் மண்ணின் சொந்த உயிர். அன்று அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த முதியவர், "தம்பி, இதுங்க எங்க தாத்தா காலத்துல இருந்தே இங்கதானே கெடக்குது" என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து எங்களிடம் ஒரு விதி உண்டு: எந்த மட்டியையும் எங்கள் முடிவின்பேரில் கொல்வதில்லை. நம் மட்டிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காணப் பழகும் வரை அயல் மட்டியைத் தேடும் தகுதியும் நமக்கு வந்துவிடாது.

கண்காணிப்பை எப்படிச் செய்கிறீர்கள்?

ஏரியைப் பராமரிப்போரிடம் அனுமதி பெற்ற பிறகே இறங்குகிறோம். நீர் வற்றும் மார்ச் முதல் மே வரையிலான காலம் சிறந்தது. நீர்க்கோடு பின்வாங்கும்போது ஓடுகள் தாமாகவே வெளிப்படும். கரையில் 100 மீட்டர் நீளத்தை அளந்துகொண்டு, இருவர் ஒரு மணி நேரம் நடந்து, இறந்த ஓடுகளையும் உயிருள்ளவற்றையும் தனித்தனியே எண்ணுகிறோம். அளவுகோலை அருகில் வைத்து மேற்புறம், உட்புறம், கீல் மூன்றையும் படமெடுக்கிறோம். உயிருள்ளதை எடுத்த இடத்திலேயே, எடுத்த நிலையிலேயே மண்ணில் பதித்துவிடுகிறோம், எறிவதில்லை. படித்துறை, மதகு, மிதவை, பழைய கயிறு இவற்றை விரலால் தடவிப் பார்க்கிறோம். புதிதாக ஒட்டிய மட்டிக்குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விரலுக்கு உப்புத்தாள் போலச் சொரசொரவென்று தட்டுப்படும்.

அடுத்தது பொறித்தொடர். ஒரு நைலான் கயிற்றில் உடைந்த ஓட்டுத் துண்டு, செங்கல் துண்டு, கைச்சாண் நீளப் பிவிசி குழாய் இவற்றைக் கட்டி, மதகருகே நிழலான இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுகிறோம். மாதம் ஒரு முறை தூக்கிப் பார்த்து, படமெடுத்து, மீண்டும் இறக்குகிறோம். செலவு மிகக் குறைவு. ஆறாம் வகுப்பு மாணவியும் செய்யலாம். எங்களில் ஒருவருடைய மகள் செய்துவருகிறாள்.

குஞ்சுகளைப் பிடிக்க நுண்வலை வேண்டும். கண்ணளவு ஏறத்தாழ 64 மைக்ரான் கொண்ட வலையை நீரில் இழுத்து, வடிந்ததை நுண்நோக்கியில் பார்ப்பார்கள். குறுக்காக வைத்த இரு ஒளிமுனைவு வடிகட்டிகளின் நடுவே பார்த்தால், வெலிஜரின் ஓடு இருளில் சிலுவைக் குறி போல ஒளிரும். ஆஸ்ட்ரகாட் என்ற, ஓடுள்ள மிகச் சிறிய நீருயிரும் அப்படியே ஒளிரும் என்பதால் பழகிய கண் தேவை. இதைக் கல்லூரி ஆய்வகத்தாரின் துணையோடுதான் செய்ய வேண்டும். நீரில் கலந்துள்ள டிஎன்ஏவைக் கொண்டு கண்டறியும் முறையும் உண்டு. மிக நுட்பமானது, ஆயினும் டிஎன்ஏ கிடைத்தால் உயிருள்ள மட்டி அங்கே வாழ்கிறது என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். நம் ஏரிகளில் கழிவுநீர் கலந்திருக்கிறது. கையுறையும் முழங்கால் காலணியும் இல்லாமல் இறங்க வேண்டாம். காலில் புண் இருந்தால் கரையிலேயே இருங்கள். மழை பெய்த மறுநாள் எலிக்காய்ச்சல் அச்சம் உண்டு. சேறு ஆளை விழுங்கும் இடங்களும் இருப்பதால், தனியே எவரும் இறங்கக் கூடாது.

இதுவரை அயல் மட்டி ஏதும் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் இந்த உழைப்பு வீண்தானே?

நாங்கள் தேடிய இடங்களில் கிடைக்கவில்லை. அதையும் நாள், இடம், தேடிய நேரம், தேடியவர் எண்ணிக்கையோடு எழுதி வைக்கிறோம். நாளை ஒருவர் ஒரு மட்டியைக் கண்டெடுத்தால், அது சென்ற ஆண்டு வந்ததா, பத்தாண்டாக இருந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லப்போவது இந்த வெறுங்கைக் குறிப்புகள்தாம். மேலும், நம் மட்டி இத்தனை என்ற எண்ணிக்கை இன்று இல்லையென்றால், நாளை எத்தனை குறைந்தது என்று எவராலும் சொல்ல இயலாது.

ஐயத்துக்குரிய மட்டியைக் கண்டால் என்ன செய்வது?

படமெடுங்கள், இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டை மட்டும் எரிசாராயத்தில் இட்டு மூடிய புட்டியில் வையுங்கள். வேறு ஏரிக்கோ வீட்டுத் தொட்டிக்கோ உயிரோடு கொண்டுபோகக் கூடாது. ஐநேச்சுரலிஸ்ட், இந்திய பல்லுயிர்த் தளம் ஆகிய இணையதளங்களில் பதிந்தால் அறிந்தோர் பார்த்துச் சொல்வார்கள். மாநில மீன்வளத் துறைக்கும் பல்லுயிர் வாரியத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையில் மண்டல மையம் உண்டு. பெங்களூரிலேயே ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இனம் உறுதியாகும் வரை வாட்சப் குழுக்களில் பரப்ப வேண்டாம். பரபரப்பில் நம் மட்டிகள்தாம் முதலில் சாகும்.

கண்டவுடன் மருந்து போட்டு அழிக்க முடியாதா?

முடிந்த இடம் உண்டு. 1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறையில் மைட்டிலோப்சிஸ் சாலேயி காணப்பட்டபோது, துறையை உடனே அடைத்து, குளோரினும் செம்பு உப்பும் இட்டுச் சில வாரங்களில் முற்றாக ஒழித்தார்கள். ஆனால் அது மதகுக் கதவுகளால் மூடக்கூடிய சிறு நீர்ப்பரப்பு. பரவுமுன்பே கண்ணில் பட்டதும் பேறு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2023 செப்டம்பரில் சினேக் ஆற்றில் குவாகா குஞ்சுகள் தென்பட, செம்பு மருந்தை ஆற்றிலேயே கலந்தார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் தென்பட்டதால் மறுபடியும் கலக்க வேண்டியிருந்தது. செம்பும் பொட்டாசியமும் அயல் மட்டி, நாட்டு மட்டி என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே எவரும் தாமாக உப்போ சுண்ணாம்போ வெளுப்புத்தூளோ கொட்டக் கூடாது.

பிடித்துச் சமைத்துவிட்டால் தீராதா?

மட்டி நீரை வடிகட்டி உண்பதால், நீரிலுள்ள ஈயமும் காட்மியமும் நோய்க்கிருமியும் அதன் உடலில் சேர்கின்றன. பெங்களூரு ஏரி மட்டி எதையும் உண்ண வேண்டாம். விலை கிடைக்கத் தொடங்கினால், அதை வளர்க்க நினைப்பவரும் தோன்றிவிடுவார்கள் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நடுவண் அரசுக்குத் தந்துள்ளது. கப்பல் நிலைப்பு நீர் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நமக்கு அருகில் உள்ள கருவி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உள்ளாட்சி அளவில் தயாராகும் அவ்வேட்டில் பறவையும் மரமும் நிறைய இருக்கும், மட்டி அரிதாகவே இருக்கும். அதைத் தயாரிக்கும் உங்கள் வட்டாரப் பல்லுயிர்க் குழுவிடம் கேட்டு, அதில் மட்டியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அயல் மட்டி வராதவரை நம் மட்டிக்கு ஆபத்தில்லை என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. கழிவுநீரால் உயிர்வளி குறைகிறது. தூர்வாரும் பெயரில் மண்ணோடு மட்டியையும் அள்ளி லாரியில் ஏற்றுகிறார்கள். ஆற்றுமணல் போனால் இளமட்டிக்குப் படுக்கை இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் திலேப்பியாவும் நாட்டு மீன்களை விரட்டிவிட்டால், மட்டிக் குஞ்சை ஏந்தும் மீனும் இல்லை. ஒரு முறை தூர்வாரிய ஏரியின் மண்மேட்டில், வெயிலில் வாய் பிளந்து கிடந்த நூற்றுக்கணக்கான லாமெல்லிடென்ஸ் ஓடுகளைப் பொறுக்கியெடுத்தபோது எங்களில் எவருக்கும் பேச்சு வரவில்லை. வேலை தொடங்குமுன் ஒரு நாள் கொடுத்திருந்தால், பத்துப்பேர் சேர்ந்து ஈரச் சாக்கில் எடுத்து அதே ஏரியின் தொடாத மூலையில் விட்டிருக்கலாம். இப்போது தூர்வாரும் செய்தி வந்தாலே, அந்த ஒரு நாளைக் கேட்டு மனுக் கொடுக்கிறோம். இரண்டு இடங்களில் கிடைத்தது.

பெங்களூரில் நேரமில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். அங்கே ஏதாவது செய்யலாமா?

தாராளமாக. ஊர் ஏரியிலோ ஆற்றிலோ அரை மணி நேரம் ஓடு பொறுக்கிப் படமெடுத்து அனுப்புங்கள். அணை அருகில் என்றால் மதகுக் கம்பிகளையும் படகின் அடிப்புறத்தையும், அனுமதி பெற்று, தடவிப் பாருங்கள். வீட்டுப் பெரியவரிடம், முன்பு எந்தத் துறையில் மட்டி கிடந்தது, எந்த ஆண்டோடு நின்றது, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எங்கே அள்ளினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் பதிவுத்தாளின் கடைசிக் கட்டத்தில் "உள்ளூர்ப் பெயர்" என்று இருக்கும். அதை வெற்றாக விடாதீர்கள். ஒரே மட்டிக்கு அத்தையும் மாமாவும் வெவ்வேறு பெயர் சொன்னால், இரண்டையும், அவரவர் பிறந்த ஊரோடு சேர்த்து எழுதுங்கள்.